அத்தியாயம் 7: டர்னரின் நிலாத் துறைமுகத்தைப் பார்த்து வரைதல்

போன அத்தியாயம் வரை பொருளைப் பார்த்து வரைந்தோம். பித்தளைச் செம்பு, எலுமிச்சம்பழம், வெயில் சாய்ந்த திண்ணை. இந்த முறை எதிரே வைக்கப்போவது வேறொருவர் வரைந்து முடித்த படம். ஆங்கில ஓவியர் டர்னர் 1835-இல் லண்டன் ராயல் அகாதமியில் காட்சிக்கு வைத்த ‘நிலவொளியில் நிலக்கரி ஏற்றும் தோணிக்காரர்கள்’. இப்போது அது வாஷிங்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது. இந்தப் பயிற்சிக்கு மூன்று வாரமாவது ஒதுக்குங்கள். அதில் பாதி நாள் வண்ணம் காயக் காத்திருப்பதிலேயே போகும்.

பார்த்து வரைவதென்றால் நம்மில் பலருக்கு ஒரு கூச்சம் இருக்கிறது. பரீட்சையில் எட்டிப் பார்ப்பது போன்ற குற்ற உணர்வு. பாட்டு வகுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். குரு ஒரு சங்கதி பாடுகிறார், சிஷ்யை அதைத் திருப்பிப் பாடுகிறாள். யாரும் அதைத் திருட்டு என்பதில்லை. ஓவியத்திலும் நூற்றாண்டுகளாக அப்படித்தான் கை பழகியிருக்கிறது. டர்னரே 14 வயதில், 1789-இல், அகாதமிப் பள்ளியில் சேர்ந்து சிலைகளின் வார்ப்புகளைப் பார்த்து வரைந்தவர். பிறகு சில வருடம் மாலை நேரங்களில் டாக்டர் மன்ரோ என்ற கலை ஆர்வலரின் வீட்டில் உட்கார்ந்து, ஜான் ராபர்ட் கசன்ஸ் என்ற மூத்த ஓவியரின் படங்களை நகலெடுத்தார். நண்பர் கெர்ட்டின் கோடு போடுவார், டர்னர் ஒளியும் நிழலும் பூசுவார். ஒரு ராத்திரிக்கு மூன்றரை ஷில்லிங் கூலி.

அந்தப் பழக்கம் அவரை விடவேயில்லை. பதினேழாம் நூற்றாண்டின் கிளாட் லொரேன் வரைந்த துறைமுகப் படங்களை வருடக்கணக்கில் பார்த்துப் பார்த்து, 1815-இல் ‘கார்த்தேஜை எழுப்பும் டைடோ’ என்ற துறைமுகத்தை வரைந்தார். தன் படம் கிளாடின் படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டப்பட வேண்டும் என்று உயிலில் எழுதிவைத்தார். லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இன்றும் அப்படித்தான் மாட்டியிருக்கிறார்கள். கற்றுக்கொண்ட இடத்தை மறைக்காமல் எல்லோருக்கும் காட்டிவிட்டுப் போன மனிதர் அவர்.

படத்தில் என்ன நடக்கிறது

வரைய உட்காருவதற்கு முன் ஒரு நாள் முழுக்கப் படத்தைப் பார்ப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தின் வடகிழக்கில் டைன் ஆறு கடலில் கலக்கும் ஷீல்ட்ஸ் துறை அது. மேலே இருந்த சுரங்கங்களின் நிலக்கரியை ‘கீல்’ என்ற தட்டையடித் தோணிகளில் ஆற்றோடு கொண்டுவருவார்கள். ஒரு தோணிக்கு ஏறக்குறைய 21 டன். அதைக் கடலோடும் கப்பல்களுக்குள் மண்வெட்டியால் அள்ளிப் போட வேண்டும். இரவிலும் வேலை நடக்கும். தீப்பந்த வெளிச்சத்தில் அள்ளுவார்கள்.

படத்தின் வலப்பக்கம் அந்தத் தீப்பந்தங்கள். கரிய கப்பல்கள், புகை, ஆரஞ்சுச் சுடர், அதற்கு நடுவே வேலை செய்யும் சின்னச் சின்ன உருவங்கள். இடப்பக்கம் பாய்மரக் கப்பல்கள் சாம்பல் நிறத்தில் அமைதியாக நிற்கின்றன. மேலே, ஏறக்குறைய நடுவில், நிலா. அதன் வெளிச்சம் வானத்தில் ஒரு மண்டப வளைவு போலச் சூழ்ந்து, கீழே தண்ணீரில் நீண்டு நம் காலடி வரை வருகிறது. நடு இடம் கிட்டத்தட்டக் காலி. துறைமுகத்தை வரையச் சொன்னால் நாம் கப்பலை நடுவில் வைப்போம். இவர் வெளிச்சத்தை வைத்திருக்கிறார்.

படத்தை வாங்கியவர் மான்செஸ்டரில் நூல் ஆலை நடத்திய ஹென்றி மெக்கானல். முந்தைய வருடம் டர்னர் வரைந்த வெனிஸ் படம் ஒன்றும் அவரிடம்தான் இருந்தது. பகல் வெளிச்சத்தில் ஓய்வாகக் கிடக்கும் வெனிஸுக்கு ஜோடியாக, ராத்திரியிலும் உழைக்கிற இங்கிலாந்து. நமக்கு இதைவிடப் பயன்படும் செய்தி ஒன்று உண்டு. 1823-இலேயே இதே ஷீல்ட்ஸ் துறையை, இதே நிலாவையும் தீப்பந்தத்தையும் வைத்து, டர்னர் ஒரு சிறிய நீர்வண்ணப் படம் வரைந்திருக்கிறார். 12 வருடம் கழித்துத் தன் படத்தைத் தானே பார்த்து, பெரிதாக்கி, தைலத்தில் வரைந்ததுதான் இது. இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். எதை எடுத்துவிட்டார், எதைத் தள்ளிவைத்தார், எங்கே இடத்தைத் திறந்துவிட்டார் என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஓவியரின் பக்கத்தில் உட்கார்ந்து அவர் யோசிப்பதைக் கேட்பதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

கட்டமும் சாமானும்

மூலப்படம் 92.3 சென்டிமீட்டர் உயரம், 122.8 சென்டிமீட்டர் அகலம். மூன்றுக்கு நான்கு என்ற விகிதம். கடையில் கிடைக்கும் 18க்கு 24 அங்குலக் கேன்வாஸ் அதே விகிதம்தான். வாஷிங்டன் ஓவியக்கூடம் படத்தைப் பெரிய அளவில் இலவசமாகவே தருகிறது. அதை ஏ3 தாளில் 27க்கு 36 சென்டிமீட்டர் அளவில் இரண்டு பிரதி எடுங்கள், ஒன்று வண்ணத்தில், ஒன்று கருப்பு வெள்ளையில். செல்போன் திரையைப் பார்த்து மட்டும் வரையாதீர்கள். திரை தானாகவே ஒளிரும், காகிதமும் கேன்வாஸும் ஒளிராது. அந்த வித்தியாசத்தில் கண் ஏமாந்துபோகும்.

பிரதியில் 4.5 சென்டிமீட்டர் கட்டம், கேன்வாஸில் 3 அங்குலக் கட்டம். இரண்டிலும் குறுக்கே எட்டு, நெடுக்கே ஆறு வரும். கட்டம் போடுவது கற்றுக்குட்டி வேலை என்று யாராவது சொன்னால், நம் ஊர் சினிமா பேனர் ஓவியர்களை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளங்கை அளவு ஸ்டில்லைக் கட்டம் போட்டுத்தான் அவர்கள் இரண்டு மாடி உயரத்துக்கு முகம் எழுப்பினார்கள். கரித்துண்டால் லேசாக வரையுங்கள். தொடுவானக் கோடு, நிலாவின் இடம், பெரிய பாய்மரங்களின் அடியும் நுனியும், இடது கீழ்ப்பக்கத்து மிதவை. இவ்வளவு போதும். கயிறு, கொடி, ஆள் எதுவும் இப்போது வேண்டாம்.

வண்ணத்துக்கு டைட்டானியம் வெள்ளை, மஞ்சள் ஓக்கர், காட்மியம் மஞ்சள், காட்மியம் சிவப்பு, பர்ன்ட் சியன்னா, பர்ன்ட் அம்பர், அல்ட்ராமரீன், பிரஷ்யன் நீலம். டர்னர் காலத்து ஈய வெள்ளையும் குரோம் மஞ்சளும் நஞ்சு கலந்தவை, தேடிப்போக வேண்டாம். கருப்பு டியூப் வாங்காதீர்கள். அம்பரும் அல்ட்ராமரீனும் கலந்தால் வருகிற கருமை தண்ணீருக்கும் கப்பலுக்கும் உயிருள்ளதாக இருக்கும். பன்றிமுடி பிரஷ் மூன்று, மென்முடி பிரஷ் ஒன்று, பேலட் கத்தி ஒன்று. டர்பன்டைன், லின்சீட் ஆயில், கிழிந்த பழைய வேட்டி.

வேட்டித் துணியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. லின்சீட் ஆயில் காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு காய்கிறது. அப்போது சூடு உண்டாகும். எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கலாம். வெளியே விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் ஊற்றிய மூடி டப்பாவில் போடுங்கள். சன்னலைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள். மிஞ்சிய டர்பன்டைனைத் தொட்டியில் கொட்டாதீர்கள். ஒரு பாட்டிலில் விட்டால் கசடு அடியில் தங்கிவிடும், மேலே தெளிந்ததைத் திரும்பவும் பயன்படுத்தலாம்.

முதல் நாள்: பழுப்பு மட்டும்

பெரிய கேன்வாஸைத் தொடுவதற்கு முன், 6க்கு 8 அங்குல அட்டையில் பர்ன்ட் அம்பரும் வெள்ளையும் மட்டும் வைத்து முழுப்படத்தையும் வரையுங்கள். ஐந்தே டோன். கருமை, அரைக்கருமை, நடு, இளசு, வெளிச்சம். பார்க்க வேண்டியது கருப்பு வெள்ளைப் பிரதியை மட்டும். கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். விவரங்கள் மறைந்து, வலது பக்கம் ஒரு பெரிய கரிய ஆப்பு, இடது பக்கம் சற்று இளைத்த இன்னொரு ஆப்பு, நடுவில் ஒளியின் புனல் என்று மூன்றே உருவமாகத் தெரியும். அதை அரைமணி நேரத்தில் பிடிக்க முடிகிற வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். நான் ஐந்து அட்டை செய்தேன். ஐந்தாவதில்தான் இடது பக்கக் கப்பல்கள் எவ்வளவு மெலிந்த டோன் என்பது புரிந்தது.

பிறகு கேன்வாஸில் அதே மூன்று உருவத்தை, அம்பரும் அல்ட்ராமரீனும் டர்பன்டைனில் கரைத்து மோர் போலத் தண்ணியாகப் பூசுங்கள். இந்தப் பூச்சில் எண்ணெய் சேர்க்காதீர்கள். அடிப்பூச்சு மெலிந்தது, மேல்பூச்சில் எண்ணெய் கூடுதல் என்பது தைல வண்ணத்தின் மாறாத விதி. மேலே இருப்பது முதலில் காய்ந்து இறுகி, கீழே இருப்பது பிற்பாடு நெகிழ்ந்தால், படம் பாளம் பாளமாக வெடிக்கும். வெளிச்சம் வரவேண்டிய நடுப்பகுதியில் துணியால் துடைத்து, கேன்வாஸின் வெண்மை தெரிய விட்டுவிடுங்கள். டர்னர் வெளிறிய அடித்தளத்தின் மேல் வேலை செய்ய விரும்பியவர். அந்த வெண்மை மெல்லிய பூச்சுகளின் ஊடாகத் திரும்பிவந்து நம் கண்ணில் படுகிறது.

வானமும் வெள்ளையும்

இந்த அத்தியாயத்தில் நான் சொல்ல வந்ததே இந்த இடத்தில்தான் இருக்கிறது. முதல் தடவை இந்தப் படத்தை வரைந்தபோது, ஆசை தாங்காமல் முதல் மாலையிலேயே நிலாவை வைத்துவிட்டேன். டியூபிலிருந்து எடுத்த சுத்த வெள்ளை, ஒரு பொட்டு. அழகாக இருந்தது. அதன் பக்கத்து வானம் மங்கலாகப் பட்டது, அதிலும் கொஞ்சம் வெள்ளை சேர்த்தேன். அடுத்தது, அதற்கடுத்தது. ஒன்றரை மணி நேரத்தில் வானம் முழுக்கச் சுண்ணாம்பு அடித்த சுவராகிவிட்டது. நிலா எங்கே என்று தேட வேண்டியிருந்தது. கத்தியால் வழித்தெடுத்துவிட்டுப் படுக்கப்போனேன்.

மறுநாள் ஒரு கருப்பு அட்டையில் மிளகு அளவு ஓட்டை போட்டு, வண்ணப் பிரதியின் மேல் நகர்த்திப் பார்த்தேன். நிலாவை ஒட்டிய வானம், நான் வெள்ளை என்று நினைத்தது, நீர்மோரில் ஒரு சிட்டிகை மஞ்சள் போட்ட நிறம். இரண்டு விரல் தள்ளி அது நீலம் கலந்த சாம்பல். இன்னும் தள்ளினால், பேலட்டில் தனியாக வைத்தால் அழுக்கு என்று துடைத்தெறிவோமே, அந்த நிறம். எதுவுமே வெள்ளை இல்லை. சுற்றியிருக்கும் எல்லாவற்றையும் ஒரு படி கீழே பிடித்து வைத்திருப்பதால்தான் நிலா எரிகிறது. பிரதியை ஆயிரம் தடவை பார்த்திருந்தாலும் இது எனக்குத் தெரிந்திருக்காது. வழித்தெடுத்த பிறகுதான் தெரிந்தது.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். வெள்ளையோடு சிறிது ஓக்கரும் ஊசிமுனை அளவு அல்ட்ராமரீனும் கலந்து, ஒரு சாம்பல் வெள்ளையைத் தாராளமாகக் குழைத்து வையுங்கள். வெள்ளை டியூபை மூடி மேசை இழுப்பறைக்குள் போட்டுவிடுங்கள். வானம், தண்ணீர், பாய் எல்லாவற்றுக்கும் கடைசி நாள் வரை உங்கள் உச்ச வெளிச்சம் இந்தச் சாம்பல் வெள்ளைதான். இதில் பிரஷ்யன் நீலத்தைத் துளித்துளியாகச் சேர்த்து மூன்று கூட்டு செய்யுங்கள். பிரஷ்யன் நீலம் மிளகாய்த்தூள் மாதிரி, ஒரு துணுக்கு கூடினால் திரும்ப எடுக்க முடியாது.

பிரஷை வானத்தின் வளைவோடு ஓட்டுங்கள். ஓரத்திலிருந்து நிலாவை நோக்கி, கருமையிலிருந்து இளசுக்கு. ஈரத்தின் மேலேயே அடுத்த கூட்டை வைத்து, ஓரங்களை உலர்ந்த மென்முடி பிரஷால் தொட்டும் தொடாமலும் தடவுங்கள். அதிகமாகத் தடவினால் பஞ்சு மெத்தை போலாகிவிடும். இரண்டு மூன்று இடத்தில் பிரஷின் தடம் அப்படியே தெரியட்டும். பிறகு ஒரு வாரம் தொடாதீர்கள்.

தண்ணீர்

காய்ந்ததும் தண்ணீர். தொடங்குவதற்கு முன் ஓர் உண்மையை மனதில் பதியவையுங்கள். நிலாவின் பிரதிபலிப்பு படத்தில் நிலாவுக்கு நேர் கீழேதான் விழும். சாய்ந்து விழாது. தீப்பந்தத்தின் பிரதிபலிப்பும் அப்படியே. புதிதாக வரைகிறவர்கள் பத்தில் எட்டுப் பேர் அழகுக்காகக் கொஞ்சம் சாய்த்துவிடுகிறார்கள், தண்ணீர் உடனே சரிந்துபோகிறது. பிரதிபலிப்பு ஏன் நீள்கிறது என்றால், ஒவ்வொரு சிற்றலையும் ஒரு சின்னச் சாய்ந்த கண்ணாடி. தூரத்திலிருந்து காலடி வரை எத்தனையோ அலைகள் ஆளுக்கொரு நிலாத் துண்டை நம் பக்கம் திருப்பிவிடுகின்றன. தூரத்து அலைகள் நெருங்கி ஒரே பட்டையாகத் தெரியும். கிட்டத்து அலைகள் பிரிந்து, இடையே கருமை தெரியும்.

இதை மூன்று அசைவாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதலில் சாம்பல் வெள்ளையை அகலப் பிரஷில் எடுத்து நிலாவுக்கு நேர் கீழே மேலிருந்து கீழாக ஒரே இழுப்பு. அது ஈரமாக இருக்கும்போதே சுத்தமான பிரஷால் இடவலமாக, தொடுவானத்துக்கு இணையாக, மெல்லக் கலையுங்கள். கடைசியாக, கெட்டியான வண்ணத்தைப் பேலட் கத்தியின் ஓரத்தில் வழித்து, தண்ணீரின் மேல் கத்தியைப் படுக்கவைத்து லேசாக உரசி எடுங்கள். வண்ணம் விட்டு விட்டு ஒட்டும். எங்கே ஒட்டுகிறது, எங்கே ஒட்டவில்லை என்பதை உங்கள் கை முழுதாகத் தீர்மானிக்காது, அந்தத் தற்செயல்தான் தண்ணீரின் குணம். மூலப்படத்தில் இந்த இடம் மேடு தட்டிக் கிடக்கிறது. அறைவிளக்கின் வெளிச்சமே அந்த மேடுகளில் பட்டு மின்னும். கத்தி வேலை ஐந்து நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது. போனால் வழித்துவிட்டு மறுபடி முதல் இழுப்பிலிருந்து தொடங்குங்கள். நான் இந்த இடத்தை ஏழு தடவை வழித்திருக்கிறேன்.

வலப்பக்கம்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், வானமும் தண்ணீரும் அமைந்துவிட்டால் கப்பல்கள் தாமாக வரும். இடப்பக்கக் கப்பல்கள் வானத்தின் சாம்பலைவிட ஒரே ஒரு டோன் கருமை. பாய்மரத்தின் மேல்முனை வெளிச்சத்தில் கரைந்துபோகட்டும், அடிப்பாகம் மட்டும் தெளிவாக நிற்கட்டும். கயிறுகளை எண்ணி எண்ணி வரையாதீர்கள். கப்பலுக்கு இரண்டு போதும்.

வலது பக்கத்தில் கருமை காய்ந்த பிறகு, பர்ன்ட் சியன்னாவைச் சிறிது லின்சீட் ஆயிலில் கரைத்து, தீப்பந்தங்களைச் சுற்றிக் கண்ணாடி போல ஒரு பூச்சு. அதன் ஊடாக அடியிலுள்ள கருமை தெரிய வேண்டும். அந்த அனலின் நடுவில் காட்மியம் மஞ்சளும் சிவப்பும் கலந்த கெட்டி ஆரஞ்சு, அரிசி அளவில் ஓரிரு பொட்டு. நேர் கீழே தண்ணீரில் அதன் நீட்சி, சற்று மங்கலாக. ஆட்களை முகம் கை கால் என்று வரைய வேண்டாம். வளைந்த ஒரு முதுகு, தூக்கிய ஒரு மண்வெட்டி. சுடருக்கு எதிரே கருமையாக அவ்வளவுதான் தெரியும். ஆனால் அந்த முதுகு வளைவைப் பத்துத் தடவை தாளில் வரைந்து பார்த்துவிட்டு வையுங்கள். ராத்திரி முழுக்கக் கரி அள்ளுகிறவனின் முதுகு அது. மேலே நிலா எவ்வளவு அழகாக இருந்தாலும் அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்தக் கனம் கோட்டில் வர வேண்டும்.

குளிர்ந்த நிலவும் சூடான நெருப்பும் ஒரே படத்தில் என்பது டர்னருக்குப் புதிதல்ல. 1796-இல், 21 வயதில், அவர் அகாதமியில் காட்டிய முதல் தைல ஓவியமான ‘கடலில் மீனவர்கள்’ படத்திலும் மேலே நிலா, கீழே படகில் ஒரு சிறு விளக்கு.

கடைசி நாள்

இப்போது இழுப்பறையைத் திறந்து வெள்ளை டியூபை எடுங்கள். நிலாவுக்குக் கத்தி நுனியில் ஒரு பொட்டு, சற்றே மேடாக. அதற்கு நேர் கீழே தண்ணீரின் பட்டையில் மூன்று நான்கு இடத்தில் மட்டும், நிலாவைவிட ஒரு இழை மங்கலாக. பிறகு டியூபை மூடிவிடுங்கள்.

மெல்லிய பகுதிகள் சில நாளில் காயும். கத்தியால் வைத்த மேடுகள் உள்ளே காயப் பல மாதம் ஆகும். மழைக்காலத்தில் இன்னும் தாமதம். சீக்கிரம் பளபளப்பு வேண்டுமென்று எண்ணெயோடு வார்னிஷைக் கலந்து பூசாதீர்கள். டர்னர் மாஸ்டிக் பிசின் கலந்த கூழை விரும்பிப் பயன்படுத்தினார், அவருடைய பல படங்கள் வெடிப்பு விட்டதற்கு அதுவும் ஒரு காரணம். இதில் மட்டும் அவரைப் பின்பற்ற வேண்டாம். ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் கழித்து வார்னிஷ் போடலாம். அதுவரை படத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பிவைக்காதீர்கள். லின்சீட் ஆயில் இருட்டில் மஞ்சளாகும். நேர் வெயில் படாத, வெளிச்சமுள்ள இடத்தில் மாட்டுங்கள்.

கேன்வாஸின் பின்பக்கம் உங்கள் பெயர், தேதி, ‘டர்னரின் 1835 ஓவியத்தின் நகல்’ என்று அழியாத மையில் எழுதுங்கள். முன்பக்கம் அவர் கையெழுத்தைப் போடாதீர்கள். பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் 1793 முதல் ஓவியர்கள் உட்கார்ந்து நகலெடுக்க இடம் தருகிறார்கள், ஆனால் மூலத்தின் அதே அளவில் வரைய அங்கே அனுமதி இல்லை. நகல் நகலாகவே தெரிய வேண்டும் என்பதற்காகத்தான். நம் கேன்வாஸ் மூலத்தில் பாதி நீளம், அதனால் அந்தக் கவலை இல்லை.

ஒரு சோதனை மட்டும் பாக்கி. மாட்டிய அன்று மாலை, விளக்கைப் போடாமல் படத்துக்கு எதிரே உட்காருங்கள். இருட்ட இருட்ட நம் கண்ணுக்குச் சிவப்பும் ஆரஞ்சும் முதலில் மங்கும், நீலச் சாயல்கள் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். வலது பக்கத்துத் தீப்பந்தங்கள் ஒவ்வொன்றாக அணைவது போல இருக்கும். பிறகு கப்பல்கள் போகும், பிறகு வானத்தின் ஓரங்கள். எல்லாம் போன பிறகும் நிலாவும் தண்ணீரில் அந்த ஒற்றைப் பட்டையும் தெரிந்துகொண்டிருந்தால், உங்கள் டோன்கள் சரி. வானம் முழுவதும் ஒரே வெளுப்பாகத் தெரிந்தால், இன்னொரு கேன்வாஸில் கட்டம் போடுங்கள்.